சொட்டை சார் எழுதுகிறேன்

கொஞ்சம் நீளமான பதிவு. இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கும் பையன்களும், அவர்களைப் பெற்றவர்களும் கடைசி வரை படிக்கவும். மற்றவர்கள் இஷ்டம்.

தலைப்பைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நீங்கள் எனக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியாது என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1984ல் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருடம் அரைப்பரீட்சை வருவதற்குள்ளேயே அது என் காதுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் கரிக்கட்டையால் பெயரை எழுதி, பக்கத்தில் படமும் போட்டிருந்தான் ஒருவன். படம் நன்றாகவே இருந்தது. (யார் என்றும் தெரியும். இன்று பெரிய பொறுப்பில் இருக்கிறான். பயப்படாதே தம்பி.)

அப்போது எனக்கு வயது 24. நீங்கள் பார்த்தபோது நான் உங்களுக்கு ஒரு வயதான வாத்தியார். எனக்கு நான் இன்னும் கல்யாணம் ஆகாத பையன்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைத்தவன் என் கடைசித் தங்கை மகன். அவன் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றான், போடவில்லை. வைகாசியில் திருமங்கலத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன், வேட்டி சட்டை கட்டி, தலையில் தொப்பி போட்டு வந்து நின்றான். நானும் சும்மா இல்லாமல், "என்ன மாப்ள, தாலி கட்டுற இடத்துல கிரிக்கெட் ஆட வந்தியா?" என்று கேட்டேன். சுற்றி நின்ற பத்துப் பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். குடும்பத்தோடு போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டான்.

ராத்திரி தங்கை போன் செய்தாள். "அண்ணே, ஒரு வருசமா இப்படித்தான் இருக்கான். கண்ணாடி முன்னாடி நின்னா நகர மாட்டேங்கிறான். தலகாணியில முடிய எண்ணுறான். பழைய ஃபிரண்ட்ஸோட பேச்சே இல்ல. நீங்க சொன்னா கேப்பான், கொஞ்சம் சொல்லுங்க" என்றாள்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? உங்களில் பலருக்குச் சொன்னதையே சொன்னேன். "முடியில என்னப்பா இருக்கு, மூளைதான் முக்கியம். ரஜினியே வழுக்கையோட மேடைக்கு வர்றாரு." போனில் அவன் ஒரே ஒரு பதில் சொன்னான். "அவரு படத்துல விக் வச்சுத்தான் மாமா நடிக்கிறாரு."

அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வரவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 1982ல், 22 வயதில், நெற்றியின் இரண்டு ஓரத்திலும் ஏறத் தொடங்கியது. பிறகு உச்சியில் ஒரு வட்டம். வகிடு நாளுக்கு நாள் காது பக்கம் இறங்கியது. இடது பக்கத்து முடியை நீளமாக வளர்த்து வலது பக்கம் வரைக்கும் இழுத்துப் படிய வைப்பேன். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தால் அது கோழி இறக்கை மாதிரி எழுந்து நிற்கும். அதனால் பத்து நிமிட தூரத்தை அரை மணி நேரம் நடந்தே போவேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன். பி.எட். குரூப் போட்டோ எடுத்த அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு. 1983 தொடங்கி 1987ல் கல்யாணம் ஆகும் வரை என் முகம் இருக்கும் போட்டோ வீட்டில் ஒன்றுகூட இல்லை. 1986ல் என் அம்மா இறந்தார்கள். அம்மாவும் நானும் சேர்ந்து நிற்கும் கடைசிப் படத்தில் எனக்கு வயது 21.

முடி போனதில் எனக்கு இன்று வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தப் படம் இல்லாததில் உண்டு.

அந்த ஐந்து வருடமும் நான் சிகிச்சையும் எடுக்கவில்லை, போனால் போகட்டும் என்று விடவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தேன். கரிசலாங்கண்ணி, பொடுதலை, செம்பருத்தி, சின்ன வெங்காயச் சாறு, யாரோ சொன்ன ஆமணக்கெண்ணெய். சம்பளம் வாங்கிய முதல் மாதமே தபாலில் ஒரு தைலம் வரவழைத்தேன். தலையணை உறைதான் பச்சையானது. பையன்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: சிகிச்சை எடுப்பதும் சரி, எடுக்காததும் சரி. ஆனால் உட்கார்ந்து யோசித்து, இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

எனக்காவது அன்று முடிவு செய்ய ஒன்றும் இல்லை. தலையில் தடவும் மினாக்சிடில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1988ல். எனக்கு அப்போது 28, தலையில் காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை. ஃபினாஸ்டரைடு மாத்திரை முடிக்கென்று வந்தது 1997ல். இன்றைய பையனுக்கு இரண்டும் தெருமுனை மருந்துக்கடையில் இருக்கிறது. அதனாலேயே அவனுக்கு என்னைவிடக் கஷ்டம் அதிகம் என்பேன். எனக்கு விதி என்று ஒன்று இருந்தது. அவனுக்குத் தேர்வு இருக்கிறது.

இனி கொஞ்சம் பாடம். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மரபியல் நடத்தியபோது வழுக்கையை உதாரணம் காட்டி, "அம்மா வழித் தாத்தா தலையைப் பார், உன் தலை தெரியும்" என்று சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் சரி. ஆண் இயக்குநீருக்கான ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் மற்ற குரோமோசோம்களிலும் இதற்கான மரபணுக்கள் ஏராளம், அப்பா வழியிலும் வரும். உங்களுக்குத் தவறாகச் சொன்னதை இங்கே திருத்திக்கொள்கிறேன்.

1942ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் ஒன்றைக் கவனித்து எழுதினார். பருவம் வருவதற்கு முன்பே விதைப்பை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழத் தொடங்குகிறது. அதாவது மரபும் வேண்டும், இயக்குநீரும் வேண்டும். போர்வெல் தண்ணீர், ஹெல்மெட், ஷாம்பு, ராத்திரி கண்விழிப்பு, இவற்றின் மேல் நாம் போடும் பழி பெரும்பாலும் பொய் வழக்கு.

1974ல் வந்த இன்னொரு ஆய்வு. டொமினிக்கன் குடியரசின் சில கிராமங்களில் பெண் குழந்தைகள் என்று வளர்க்கப்பட்ட சிலர், பருவ வயதில் ஆண்களாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற மருத்துவரின் குழு ஆராய்ந்தபோது, டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற வீரியமான வடிவமாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவு என்று தெரிந்தது. பெரியவர்களான பிறகும் அவர்களுக்குப் புராஸ்டேட் சின்னதாக இருந்தது, நெற்றி ஏறவில்லை. அந்த நொதியைத் தடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்துதான் ஃபினாஸ்டரைடு பிறந்தது. முதலில் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், பிறகு முடிக்கு 1 மில்லிகிராம். மினாக்சிடில் கதை வேறு. அது ரத்தக்கொதிப்பு மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள்.

டி.எச்.டி. முடியைப் பிடுங்கிப் போடுவதில்லை. வேரைச் சுருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடி போல ஆகிறது. சுருங்கிக்கொண்டிருக்கும் வேரை மருந்தால் ஓரளவு நிமிர்த்தலாம். சுருங்கி ஓய்ந்துபோனதை முடியாது. வழுவழுவென்று ஆன இடத்தில் எதைத் தேய்த்தாலும் வராததற்கு இதுதான் காரணம். "பார்த்துக்கலாம், அப்புறம் யோசிக்கலாம்" என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டால் தலை நமக்காகக் காத்திருக்காது. தள்ளிப்போடுவதே எடுக்க வேண்டாம் என்ற முடிவாகிவிடும், நமக்குத் தெரியாமலே.

ஆனால் எல்லா முடி கொட்டுதலும் இது இல்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது யாருக்கும் இயல்பு. டெங்கு, டைபாய்டு, கொரோனா என்று காய்ச்சலில் படுத்து எழுந்த இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலும் தானே திரும்பி வந்துவிடும். இந்த மாதிரி சமயத்தில் எண்ணெய் தேய்த்தவன்தான் "எனக்கு இந்தத் தைலத்தில் வளர்ந்தது" என்று ஊரெல்லாம் சொல்கிறான். காசு வட்டத்துக்குத் திட்டாகப் போனால் அது புழுவெட்டு. புழுவும் இல்லை, வெட்டும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடி வேரைத் தாக்குவது. அதற்கு வைத்தியமே வேறு. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு என்றும் இருக்கலாம். ஆகையால் முதலில் தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டுங்கள். முடிவெட்டும் இடத்தில் விசிட்டிங் கார்டு நீட்டுபவரிடம் வேண்டாம்.

மருந்து எடுப்பது என்றால் என்ன என்று மருமகனுக்கு உட்கார்ந்து விளக்கினேன். தடவும் மருந்தைத் தினமும் தடவ வேண்டும், நாலு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். முதல் சில வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டும், அதைப் பார்த்து பயந்து பாதியில் விட்டவர்கள் நிறைய. மாத்திரை பெரும்பாலானவர்களுக்குக் கொட்டுவதை மட்டுப்படுத்துகிறது, சிலருக்கு அடர்த்தியும் கூடுகிறது. ஆனால் எதை நிறுத்தினாலும் சம்பாதித்தது சில மாதங்களில், அதிகம் போனால் ஒரு வருடத்தில் போய்விடும். மாதம் 1,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 12,000, முப்பது வருடத்துக்கு 3,60,000. முடியாத தொகை இல்லை. தெரிந்து செலவழிக்க வேண்டிய தொகை.

பக்கவிளைவை மறைக்க மாட்டேன். சொந்தக்காரர்கள் படிக்கும் இடத்தில் வாத்தியார் இதை எழுதலாமா என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஃபினாஸ்டரைடு சோதனைகளில் ஆண்மை சம்பந்தமான குறை ஏதாவது ஒன்று வந்தவர்கள் 100க்கு 3.8 பேர். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 2.1 பேருக்கு வந்தது. எண்ணிக்கை சிறியதுதான், வந்தவனுக்கு அது முழுசு. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிறது, நிறுத்திய பிறகும் நீடித்ததாகப் புகார்கள் உண்டு. மனச்சோர்வும் சொல்லப்படுகிறது. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025ல் உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பையன் இதை மருத்துவரிடம் சொல்லாமல், சீட்டு இல்லாமல், ஆன்லைனில் வாங்கிச் சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்தால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

என் தங்கைக்கு ஒரு திட்டம் இருந்தது. "அண்ணே, கல்யாணம் வரைக்கும் போடட்டும். அப்புறம் நிறுத்திக்கலாம்." இதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்துவிட்டது. நிறுத்தினால் முதல் ஆடி வருவதற்குள் தலை பழையபடி ஆகும், அந்தப் பெண் என்ன நினைப்பாள்? ஒரு வீட்டுப் பெண்ணை ஏமாற்றுவதற்கு மகன் உடம்பில் மருந்தை ஏற்றுவதா? நம் வீடுகளில் பையன் தலையைப் பற்றி முடிவெடுப்பது பையன் இல்லை. தரகர் எடுக்கிறார், அத்தை எடுக்கிறாள், ஜாதகத்தோடு போகும் போட்டோ எடுக்கிறது. என் மனைவி என்னைப் பெண் பார்க்க வந்தபோது பார்த்தது முழு வழுக்கையை. அன்றைக்கு முதல் முறையாக நான் அந்த இடது பக்க முடியை வெட்டிவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தேன். ஏன் வெட்டினேன் என்று இன்று வரை எனக்கே தெரியாது. "காதுதான் பெருசா தெரிஞ்சுச்சு" என்பாள்.

எண்ணெய்க்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் 1945ஆம் வருடத்து மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. இன்னின்ன நோயைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல். வழுக்கை அதில் இருக்கிறது. "21 நாளில் முடி" என்று யாராவது சொன்னால் அவர் அந்தப் பட்டியலைப் படிக்காதவர், அல்லது நீங்கள் படிக்கவில்லை என்று நம்புகிறவர். எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், உடம்புக்கு நல்லது. பழனியில் மொட்டை போடுங்கள், முருகனுக்காக. மொட்டை போட்டால் அடர்த்தியாக வராது.

முடி நடுவது பற்றியும் மருமகன் கேட்டான். பின்தலை முடிவேர் டி.எச்.டி.க்குப் பெரும்பாலும் அசையாது, எங்கே நட்டாலும் அந்தக் குணத்தோடு வளரும். அதுதான் அந்த வைத்தியத்தின் சூட்சுமம். ஆனால் 23 வயதில் முன்நெற்றியில் வரிசையாக நட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் சொந்த முடி தொடர்ந்து போனால் என்ன ஆகும்? முன்னால் ஒரு வேலி, பின்னால் வெறும் தரை. பின்தலையில் எடுக்க இருப்பதும் அளவுதான். அதனால் நிதானமான மருத்துவர்கள் சின்ன வயசுக்காரர்களைக் காத்திருக்கச் சொல்வார்கள். வந்த அன்றைக்கே தேதி கொடுக்கிற இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2016ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஓர் இளைஞர் இறந்துபோனார். அவர் மருத்துவ மாணவர்.

எடுக்காதவர்களிலும் நல்ல முடிவு எடுத்தவர்களைத் தெரியும். என் மாணவன் ஒருவன், மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கிறான். 25 வயதில் தெரியவந்ததும் டாக்டரிடம் போய், எல்லாம் கேட்டு, "தினமும் மருந்து ஞாபகம் வச்சுக்குற ஆள் நான் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு நேரே சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டான். மீசையை மட்டும் நன்றாக வளர்த்தான். அது அவனுக்கு இருந்தது. அவன் மனக்கட்டு எல்லாருக்கும் வராது, வரவில்லை என்றால் அது குறையும் இல்லை. முடி போவதற்கு அழுகிற பையனிடம் "ஆம்பளப் புள்ள இதுக்கு அழலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். பல் வரிசை மாறியிருந்தால் மகளுக்குக் கிளிப் போடுகிறோம். கண்ணாடி வேண்டாம் என்றால் லென்ஸ் வாங்கித் தருகிறோம். பையன் தலைக்கு வைத்தியம் கேட்டால் மட்டும் அது மினுக்கா?

மருமகனும் நானும் ஆடி மாதம் மதுரையில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தோம். வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழு பையன்களில் நாலு பேர் தொப்பி போட்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை, பரம்பரை வழுக்கைதான். டாக்டர் இரண்டு வழியையும் சொன்னார். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி என்று மூன்றாவதாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மருமகன் ஒரு வாரம் கேட்டான். அந்த ஒரு வாரமும் நானும் அவன் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை (தங்கைக்கு அது பெரிய விரதம்).

தடவும் மருந்து மட்டும் போதும், மாத்திரை இப்போது வேண்டாம், ஒரு வருடம் பார்ப்பேன், மாதம் ஒரு தடவை ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஒப்பிடுவேன், பலன் இல்லை என்றால் ஒட்ட வெட்டிவிடுவேன் என்று முடிவு சொன்னான். நானாக இருந்தால் மாத்திரையும் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவனிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான்.

இப்போது நாலாவது மாதம். பெரிய மாற்றம் இல்லை, மோசமாகவும் இல்லை. தீபாவளிக்கு வந்தபோது தொப்பி இருந்தது, ஆனால் பையில். வீட்டு வாசலில் நான், தங்கை, அவன் மூன்று பேரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். வெயில் நேராக விழுந்ததில் இரண்டு தலையும் பளபளக்கிறது. அவன் சம்மதித்தால் போடுகிறேன்.

கீழே கருத்து எழுதுகிறவர்கள் தயவுசெய்து எண்ணெய் பெயர் எழுத வேண்டாம், நீக்கிவிடுவேன். மற்றபடி, பின்சுவரில் படம் போட்டவன் படித்தால் ஒரு வணக்கம் போடவும். அவன் தலையும் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை.